சுத்தக் கிணறு

அலுவலகத்தில் அவளுக்கு 'மூணு தடவை' என்று பெயர். யார் எந்தத் தாளை நீட்டினாலும், "மூணு தடவை பாத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவாள். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதில் ஒரு சின்ன சுகமும் இருந்தது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு ஒருவரிடம் ஒரு குணம் உறுதியாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

ராணுவம் விட்டுப்போன இடங்களில் மண்ணும் நீரும் எப்படி இருக்கின்றன என்று அரசாங்கத்தின் சார்பில் பார்ப்பது அவள் வேலை. கழிவை அள்ளுவதும் மூடுவதும் ராணுவத்தின் பொறுப்பு. ஒழுங்காக அள்ளினார்களா, ஒழுங்காக மூடினார்களா என்று பார்ப்பது அவள் அலுவலகத்தின் பொறுப்பு. சமைக்கிறவர் ஒருவர், உப்புப் பார்க்கிறவர் இன்னொருவர். உப்புப் பார்க்கிறவரை எந்தச் சமையலறையிலும் யாருக்கும் பிடிப்பதில்லை. அதற்கும் பழகிவிட்டாள்.

அந்த வாரம் அவள் மேசையில் இருந்தது பழைய கிடங்கின் இறுதி அறிக்கை. ஊருக்கு வெளியே கம்பிவேலி போட்ட பெரிய நிலம். நாற்பது வருடம் ராணுவம் அங்கே வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்த்தது; மிச்சத்தையெல்லாம் கிழக்கு மூலையில் ஒரு குழியில் கொட்டியது. இருட்டில் மினுங்குவதற்காக ரேடியம் பூசிய கருவி முகப்புகள், எண்ணெய், பெயின்ட் கரைக்கிற திரவங்கள், இன்னும் என்னென்னவோ. பதினைந்து வருடங்களுக்கு முன்பு அந்தக் குழியைத் தோண்டி, கழிவை வேறிடம் கொண்டுபோய், மேலே களிமண் போட்டு இறுக்கி மூடினார்கள். அடுத்த வருடம் அதைச் சுற்றி ஆறு கண்காணிப்புக் கிணறுகள் போட்டார்கள். கிணறு என்றால் வாளி விட்டு இறைக்கிற கிணறு அல்ல. கையகலக் குழாய், மேலே ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் கையெழுத்துப் போட்டால் வேலி கழற்றப்படும். இருநூறு குடும்பங்களுக்கு அங்கே வீடு. வரைபடம் தயார், பட்டியல் தயார், வீட்டு எண்கள்கூடக் கொடுத்தாகிவிட்டது.

பட்டியலில் அலுவலக ஜீப்பின் டிரைவரும் இருந்தார். மனைவி, இரண்டு பெண்கள், ஒற்றை அறை.

"நீங்க போடுற ஒரு கையெழுத்துல நான் வீட்டுக்காரன் மேடம். இல்லன்னா காலம்பூரா குடித்தனக்காரன்தான்," என்பார். "எம் பொண்ணுங்க ரெண்டும் கட்டிலுக்கு அடியில உக்காந்து படிக்குதுங்க. அந்த வயசுல நான் கட்டிலுக்கு அடியில போனேன்னா அது எலி பிடிக்கத்தான்."

அவள் சிரிப்பாள். போடுகிறேன் என்றும் சொல்லமாட்டாள், போடமாட்டேன் என்றும் சொல்லமாட்டாள். மனசுக்குள் மட்டும் போட்டுவிடுவோம் என்றுதான் இருந்தது.

ஆறு கிணற்றுத் தண்ணீரிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ரேடியம் இருந்தது. அதைப் பார்த்து யாரும் கலவரப்படவில்லை. காரணம் ஏழாவது கிணறு. ஒருவருக்குக் காய்ச்சலா என்று சொல்ல வேண்டுமானால், காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகக் குழிக்கு வெகுதூரம் மேற்கே, நிலத்தடி நீர் குழியைத் தொடுவதற்கு முன்பே கடந்துவருகிற இடத்தில், சாலையோரமாக ஒரு கிணறு போட்டிருந்தார்கள். காகிதத்தில் அதற்கு ஒப்பீட்டுக் கிணறு என்று பெயர். வேலை செய்கிறவர்கள் வாயில் அது 'சுத்தக் கிணறு'. அந்தச் சுத்தக் கிணற்றிலும் அதே அளவு ரேடியம் இருந்தது. 'ஆகவே இது இப்பகுதிப் பாறையின் இயல்பு. குழியின் பாதிப்பு அல்ல.' பதினான்கு வருடங்களுக்கு முன்பு இந்த வரியை எழுதியவள் அவள்தான். பிறகு வந்த ஒவ்வொரு அறிக்கையும் அந்த வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. பரிச்சயமான வரி. பார்க்கும்போதெல்லாம் பழைய போட்டோவில் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அவள் மாமனார் அதே கிடங்கில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். சேரும்போதே, உள்ளே பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சத்தியத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. கிடங்கின் பைல் அவளிடம் வந்தபோது, இப்படி ஒரு உறவு இருக்கிறது என்று அவள் முறையாக எழுதிக்கொடுத்தாள். வீட்டில் அதைப்பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு மேலிடம் அனுமதித்தது. அவரும் பேசமாட்டார், இவளும் கேட்கமாட்டாள். பதினான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

"எங்க வீட்ல ரெண்டு பூட்டு இருக்கு. சாவிதான் ஒண்ணுகூட இல்ல," என்பான் அவள் கணவன். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ரகசியம் என்ற சங்கதியே இல்லாத தொழில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தாள். அலுவலகத்தில் கூரை ஒழுகி, பைல்களையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்லை. கிடங்கின் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாள்.

மாமனார் டீயோடு வந்தார். பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி கையில் இருந்தது. குனிந்து பார்த்தார். கண்ணாடி வரைபடத்தின் மேல் மெல்ல நகர்ந்து சாலையோரம் நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் கிணத்தத் தோண்ட எந்தப் புத்திசாலிம்மா இடம் காட்டுனான்? ஊர்ல வேற எடமே கெடைக்கலயா அவனுக்கு?"

"ஏன் மாமா?"

அவர் நிமிர்ந்தார். சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"ஒண்ணுமில்லம்மா."

"மாமா, சொல்லுங்க. ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"நீயும் கேக்கக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. மறந்துட்டியா? டீ ஆறிப்போச்சு. நான் போய் சூடு பண்ணிக்கிறேன்."

டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டுதான் இருந்தது.

அவள் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் புத்திசாலி நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. பிறகு பல நாட்கள் அவள் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு: அந்த நிமிடத்தில் என் மனசில் முதலில் வந்தது எது? இருநூறு குடும்பம் வரவில்லை. டிரைவரின் பெண்கள் வரவில்லை. 'இது வேறு யாருக்குத் தெரியும்?' என்பதுதான் வந்தது. கண்ணாடியில் எதிர்பாராமல் தன் முதுகைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் கணவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன, கூட்டல் தப்பாப் போன முகமா இருக்கு?" என்றான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பசங்க ஒரே தப்பான விடைய எழுதியிருக்காங்க. ஒருத்தன் இன்னொருத்தனப் பாத்து எழுதினானா, இல்ல தனித்தனியா எழுதினாங்களான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"விடைய ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் விடையப் பாக்கமாட்டேன். எந்த வழியா அங்க வந்து சேந்தான்னு பாப்பேன்." பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "ஏன், உங்க ஆபீஸ்ல யாராச்சும் காப்பியடிச்சுட்டாங்களா?"

"தெரியல," என்றாள். அது உண்மைதான். அதுவரை.

எந்த வழியாக வந்து சேர்ந்தது. பாறையின் ரேடியம் என்றால் அடியிலிருந்து வந்திருக்க வேண்டும். மனிதர்கள் கொட்டியது என்றால் மேலிருந்து இறங்கியிருக்க வேண்டும். கிணறு தோண்டும்போது எடுத்த மண்ணும் பாறையும் ஆழவாரியாக மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கிடங்கிலேயே இருக்கின்றன. குழியைச் சுற்றியிருக்கும் ஆறு கிணறுகளின் பெட்டிகளையும் அளந்திருக்கிறார்கள். ஏழாவதன் பெட்டிகளை அளக்கவில்லை. ஒப்பீட்டுக் கிணற்றின் மண்ணை அளக்கத் தேவையில்லை என்று விதி. சுத்தம் என்று பெயர் வைத்தாகிவிட்டது; பெயர் வைத்த பிறகு எதற்கு அளப்பது? அந்த விதியைத் தயாரித்த குழுவிலும் அவள் இருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கதிர்வீச்சு மீட்டரை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"கடைசியா ஒரு சுத்து பாத்துட்டுக் கையெழுத்தா மேடம்?" என்றார் டிரைவர். "பாருங்க, நல்லாப் பாருங்க. நாளைக்கு அங்க குடியிருக்கப்போறது நான்தான். உங்களுக்கு முதல் டீ எங்க வீட்லதான்."

கிடங்கின் வாசலில் சிப்பாய் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டி வைத்திருக்கும் கொட்டகையின் சாவியைக் கொடுத்தான். தகரக் கூரை. அரையிருட்டு. எண்கள் எழுதிய பெட்டிகள் தட்டுத் தட்டாக. ஏழாவது கிணற்றின் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'அளக்கத் தேவையில்லை' என்ற பச்சைத் தாள் ஒட்டியிருந்தது. உதவிக்கு ஆள் இல்லை. டிரைவரே கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார்.

"அடியில இருக்கறதுலேருந்து ஆரம்பிக்கலாம்," என்றாள்.

பதினெட்டு மீட்டர் ஆழத்துப் பாறை. மீட்டர் எப்போதாவது ஒரு தடவை டக்கென்றது, யோசித்து யோசித்துப் பேசுகிறவர் மாதிரி. பன்னிரண்டு மீட்டர். அதே. ஆறு மீட்டர். அதே. அவள் தோள்கள் தளர்ந்தன. கிழவர் ஏதோ வேறு காரணத்துக்குச் சிரித்திருப்பார். தண்ணீர் தேங்குகிற இடம் என்று சொல்ல வந்திருப்பார். மூன்று மீட்டரில் கொஞ்சம் கூடியது. அவள் அதை மீட்டரின் வழக்கமான ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் பெட்டி. முதல் மீட்டர் மண். மூடியைத் திறந்து மீட்டரை நீட்டியதும் அது இடைவெளி இல்லாமல் பொரிந்தது.

"என்ன மேடம், மழைப் பூச்சி கணக்கா கத்துது?"

அவள் குனிந்து பார்த்தாள். கறுத்த மண்ணுக்குள் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு மஞ்சளும் பச்சையுமாகச் சில செதில்கள். ஒரு கண்ணாடிச் சில்லு. கருவி முகப்பைச் சுரண்டிக் கழுவிய தண்ணீர் யாரோ கட்டிய ஒரு குழாய் வழியாக இங்கே வந்து, யாரோ தோண்டிய ஒரு உறிஞ்சுகுழியில் இறங்கியிருக்கிறது. அந்த வேலை நடந்த கட்டடத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அந்தக் குழியின் நட்டநடுவில் குழாயை இறக்கி, பூட்டுப் போட்டு, சுத்தம் என்று பெயர் வைத்து, அதைக்கொண்டு பதினான்கு வருடம் மற்ற எல்லாவற்றையும் அளந்திருக்கிறாள். அங்கிருந்து கீழே ஓடிய தண்ணீர்தான் மற்ற ஆறு கிணற்றிலும் தெரிந்திருக்கிறது. ஒன்றாக இருக்காமல் என்ன செய்யும்?

அப்போதுதான் மழையும் ஞாபகம் வந்தது. தோண்ட வந்த கம்பெனியின் மேற்பார்வையாளர், ஒல்லியான மனுஷன், மேட்டுக்கு மேலே ஒரு இடத்தைக் காட்டினார். "அங்க போட்டா நல்லது மேடம்." மூன்று நாளாக விடாத மழை. ஜீப் மேட்டில் ஏறாது. மாதிரி எடுக்க வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் சேற்றில் நடக்க வேண்டும். "ரோட்டுப் பக்கமே போடுங்க. வந்துபோக வசதி," என்றாள் அவள். இவ்வளவுதான். முதல் பரிசோதனை முடிவில் ரேடியம் இருந்ததைப் பார்த்தபோது அடிவயிற்றில் ஒன்று இறுகியதும், 'பாறையின் இயல்பு' என்ற சொற்கள் கிடைத்ததும் அது தளர்ந்ததும்கூட ஞாபகம் வந்தது. இறுக்கத்தை அவள் மறந்துபோயிருந்தாள். தளர்வை மட்டும் அறிவு என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் முட்டாள் இல்லை.

"ரோட்டுப் பக்கம் இருக்கே, அந்தக் கிணறா மேடம் இது?"

"ஆமா."

"என் வீடு பதினொண்ணாம் நம்பர். முதல் வரிசை. பஸ்ஸு வாசல்லயே நிக்கும்னு கேட்டு வாங்குனேன்."

"தெரியும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மூடியை எடுத்து, நாலு பக்கமும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, மெதுவாக மூடினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். அவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவளுக்கே சமாதானமாக இருக்கும், அவருக்கு அல்ல.

புதன்கிழமை இயக்குநரின் அறையில் உட்கார்ந்து அளவுகளை மேசையில் வைத்தாள். இயக்குநர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக் கேட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு நெடுநேரம் துடைத்தார்.

"நிலத்த விடமுடியாது. அதுல எனக்கு ரெண்டு அபிப்பிராயம் இல்ல. ராணுவத்துக்கு இன்னிக்கே எழுதறேன்," என்றார். "ஆனா நீங்க எழுதியிருக்கிற குறிப்பு... இது இப்படி வேணுமா மேடம்?"

"எப்படி சார்?"

"இடத்தத் தேர்ந்தெடுத்தது நான், காரணம் ஜீப் போக வசதி... இதெல்லாம் எதுக்கு? தோண்டினது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. அந்த மேற்பார்வையாளரும் உயிரோட இல்லைன்னு கேள்வி. இடத்தேர்வு ஒப்பந்ததாரரால் செய்யப்பட்டதுன்னு போட்டா யாருக்கு நஷ்டம்? நிலமும் நிக்கும், நீங்களும் நிப்பீங்க."

"அவர் வேற இடம் காட்டினார் சார்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?"

"இல்ல."

"பின்ன?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் தணிந்தது. "நீங்க இப்படி எழுதினா, உங்க கையெழுத்து இருக்கிற ஒவ்வொரு இடத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லுவாங்க. முப்பத்தாறு இடம். ஒவ்வொண்ணா எடுத்து, இந்த அம்மா இங்க எத்தன தடவ பாத்தாங்கன்னு கேப்பாங்க. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். நல்ல பேரோட போகவேண்டிய ஆளு. யோசிங்க."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தன் இருக்கைக்குத் திரும்பி, குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, மத்தியானம் முழுவதும் யோசித்தாள். இறந்துபோன ஒரு மனிதனின் தலையில் ஒரு வரியை வைப்பது எவ்வளவு எளிது. அவர் மறுத்துப் பேச வரமாட்டார். நிலம் எப்படியும் தப்பித்துவிட்டது. இனிமேல் இருப்பது அவள் பெயர் மட்டும்தான். பெயர் என்று அவள் எதைச் சொல்கிறாள்? அவள் கவனமானவள் என்று மற்றவர்கள் நம்புவது. அந்த நம்பிக்கையால்தான் பதினான்கு வருடம் ஒருவர்கூட அந்தப் பச்சைத் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் எழுதியிருக்கிறாள் என்றால் சரியாகத்தான் இருக்கும். அவளுமே அப்படித்தான் நினைத்தாள். மற்றவர்கள் தாளை மூன்று தடவை பார்க்கச் சொன்னவள், தன் தாளை ஒரு தடவை பார்த்தாள். அதுவும் அன்பாகப் பார்த்தாள்.

முப்பத்தாறு இடம். அதில் இன்னொன்றும் இப்படி இருந்தால்? ஒப்பந்ததாரர் மேல் பழி போட்டுவிட்டால் அந்த இன்னொன்றை யாரும் தேடப்போவதில்லை. அதை நினைத்த பிறகு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. தைரியம் என்று அதைச் சொல்லமுடியாது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு, ஒன்று மட்டும் திறந்திருந்தது.

குறிப்பில் ஒரு வரியைச் சேர்த்தாள்: 'அப்போது மேற்பார்வையாளர் மேட்டுப் பகுதியைப் பரிந்துரைத்தார்; நான் ஏற்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் வாங்கிப் படித்துவிட்டு, "சரி," என்றார். பெருமூச்சு விட்டார். ஆனால் வழக்கத்துக்கு மாறாக, எழுந்து வாசல்வரை வந்தார்.

கிடங்கின் பைல் அவளிடமிருந்து பக்கத்து மேசைக்காரிக்குப் போயிற்று. பத்து வருடம் அருகருகே உட்கார்ந்திருந்த தோழி. "நீ ரிடையர் ஆனா ஒங்கிட்டேருந்து நாற்காலி வரும்னு பாத்தேன், பைல் வருது," என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள். முப்பத்தாறு இடங்களையும் மறுபடி பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். அலுவலகத்தில் அந்தப் பட்டப்பெயரை யாரும் சொல்வதில்லை என்பதை அவள் கவனித்தாள். கேலி நின்றுபோவது கேலியைவிடக் கனமாக இருந்தது.

ராணுவத் தரப்பு மேஜர் சண்டைக்கு வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, மீட்டர் பொரிவதைக் கேட்டார். "எங்க ரிக்கார்டுல இந்தக் கட்டடமே இல்ல. இன்னும் என்னென்ன இல்லையோ?" என்றார். இரண்டு வாரத்தில், கிடங்கில் வேலை செய்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போயிற்று: கழிவு எங்கே போயிற்று என்ற விஷயத்துக்கு மட்டும் சத்தியத்திலிருந்து விடுவிக்கிறோம், மேற்பார்வை அலுவலகத்திடம் பேசலாம்.

மாமனாருக்கும் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முத்திரையைக்கூடப் படித்தார்.

"சத்தியத்துக்கு ரசீது குடுத்துத் திருப்பி வாங்கிக்கிறாங்களாம்," என்றார். "இவ்வளவு வருஷம் மூடிவச்ச வாயி. கீலெல்லாம் துரு பிடிச்சிருக்கும்."

"பேசணும்னு கட்டாயம் இல்ல மாமா."

"தெரியும். எழுதியிருக்கு." கடிதத்தை மடித்தார். "அந்தப் புத்திசாலி நீதான்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கு சிரிச்சிருக்கமாட்டேன்மா."

"நீங்க சிரிச்சதாலதான் மாமா..."

"அதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் வாயத் தொறக்காம இருந்தேன்ல, அதையும் சேத்துச் சொல்லு." அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீ காலைல அந்த எடத்துக்குத்தான் போறேன்னு தெரியும். பூட்சுல சேறோட வருவ. அது எந்தப் பக்கத்துச் சேறுன்னு எனக்குப் பாத்தாலே தெரியும். கேக்கலாமான்னு தோணும். சத்தியம்னு சொல்லிக்குவேன். உள்ளபடி சொன்னா, சத்தியம் எனக்கு சௌகரியமா இருந்துச்சு."

அவளுக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. அவளுக்கும்தான். கேட்கக்கூடாது என்ற விதி எவ்வளவு மரியாதையான விதியாக இருந்தது. ஒருநாளாவது அது இல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கேட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"வரச்சொல்லு யாரையாவது. ஆனா ஒங்கிட்ட சொல்லமாட்டேன். மருமககிட்ட சொன்னா மாமனார் கதை சொல்றான்னு ஆயிடும். நாளைக்கு எவனும் குறை சொல்லக்கூடாது பாரு."

"எங்கிட்ட சொல்லவும் கூடாது மாமா. நான் வீட்ல இருக்கவே கூடாது."

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பக்கத்து மேசைக்காரி வந்தாள், கையில் கிடங்கின் வெற்று வரைபடமும் நாலு கலர் பென்சிலுமாக. மாமனார் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சாப்பாட்டு மேசையைத் தானே துடைத்து வைத்திருந்தார். கணவன் மூன்று பேருக்கும் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய், தன்னை உபயோகமாக வைத்துக்கொண்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் தோழியைக் கொண்டுவந்து விட்ட அலுவலக ஜீப் நின்றது. டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் சொன்னதெல்லாம் 'சரிங்க மேடம்', 'வந்தாச்சு மேடம்' என்ற இரண்டு வாக்கியங்கள்தான். அவள் ஜீப்பைத் தாண்டிப் போகப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. தெருவில் நிழல் என்று ஒன்றும் இல்லை.

"எங்க மேடம் போறீங்க?"

"சும்மாதான். உள்ள பேசறது எனக்குக் கேக்கக்கூடாது."

அவர் எட்டி இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"எத்தன வருஷம் ஆகும் மேடம்?"

சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியாது. முதல்ல எங்கெல்லாம் இருக்குன்னு தெரியணும். அப்புறம் தோண்டணும். அஞ்சு வருஷத்துக்குக் குறையாது. கூடவும் ஆகலாம்."

"பெரியவ அதுக்குள்ள படிப்ப முடிச்சிடுவா."

"ஆமா."

"வீட்ல அவதான் கேட்டா. யாரு தப்புன்னு." அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "எங்க மேடம் தப்புன்னேன். யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டா. அதுவும் எங்க மேடம்தான்னேன். அவளுக்கு அது வெளங்கல. எனக்கும் முழுசா வெளங்கல. கோவம் வரணும்னா யாராச்சும் ஒருத்தராவது ஒழுங்கா கெட்டவங்களா இருக்கணும்ல?"

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் அவர் 'பரவால்ல மேடம்' என்று சொல்லியாக வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் அவர்மேல் ஏற்ற மனசு வரவில்லை.

வீட்டு ஜன்னல் வழியாக மாமனாரின் குரல் வந்தது. முதலில் தயங்கித் தயங்கி. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அவர் எழுந்து நின்று வரைபடத்தின் மேல் குனிந்திருக்க வேண்டும். குரல் திடப்பட்டது. "அது மட்டுமில்லம்மா, இன்னொரு ஷெட்டு இருந்துச்சு. இங்க, தண்ணித் தொட்டிக்குப் பின்னால..."

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பிடியைச் சுற்றித் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள். அவரும் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். ஜீப்புக்குள் சூடு சேர ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அப்பால் ஜன்னல் திரைக்குப் பின்னே கிழவரின் கை மட்டும் தெரிந்தது. அது ஒரு இடத்தைக் காட்டி, நகர்ந்து, இன்னொரு இடத்தைக் காட்டியது. பிறகு இன்னொன்று. அவள் எண்ணவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.